கப்பலில் நனைந்ததா, கரையில் நனைந்ததா?

வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

ஆறு இருக்கும் தண்ணீர் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்கமாட்டார் என்று நம்ம ஊரை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடல் வழக்குக்கு ஒரு பகுதி முழுவதையும் ஒதுக்கவேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. போன முறை சொத்துத் தகராறு ஒன்றுக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில், "துறைமுகத்தில் சரக்கு நனைந்தால் ஒரே வருடம்தான் கெடு" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. தோல் வியாபாரம் நடக்கிற ஊர்களுக்குக் கடல் பக்கத்து வீடு மாதிரி, அதை நான் மறந்திருக்கக் கூடாது. வந்ததில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். பெயர்களை நானே நீக்கிவிட்டேன்.

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்யும் சின்ன வியாபாரம் எங்களுடையது. டர்பனிலிருந்து வாட்டில் பவுடர் (தோல் பதனிடும் மரப்பட்டைச் சாற்றுத் தூள்) இரண்டு கன்டெய்னர் வரவழைத்தோம், 1,600 மூட்டை, மூட்டைக்கு 25 கிலோ. நவம்பர் மாதம், சென்னையில் நல்ல மழை. கன்டெய்னரை சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கில் பிரித்து, லாரியில் ஏற்றி, ராணிப்பேட்டை குடோனில் இறக்கும்போதுதான் பார்த்தோம், 140 மூட்டை போச்சு. பாதி கல்லாக இறுகிக் கிடந்தது, மீதி கூழாக ஒழுகியது. கப்பல் கம்பெனி "சீல் உடையாமல் கொடுத்தோம்" என்கிறது. சி.எஃப்.எஸ். "திறக்கும்போதே உள்ளே ஈரம்" என்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து லாரித் தார்ப்பாயில் ஓட்டை என்கிறார்கள். எங்கள் பையன் ரசீதில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏழு மாதம் ஆகிறது, ஐந்து லட்சத்துக்கு மேல் நஷ்டம். யார்மேல் கேஸ் போடுவது? (ராணிப்பேட்டை)

பதில்: கேஸ் யார்மேல் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீர் எந்த நேரத்தில் உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும், அது தெரிந்தால் ஆள் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் அப்பா மண்டித் தெருவில் வெல்லம் வைத்து வியாபாரம் செய்தவர். மழைக்காலத்தில் மூட்டை கசிந்தால் அம்மா வந்து ஒரு பார்வை பார்ப்பார், தரை ஈரமா கூரை ஒழுக்கா என்று சொல்லிவிடுவார். அடுக்கின் அடி வரிசை முழுக்கக் கசிந்திருந்தால் தரை. மேல் மூட்டையில் ஒரே இடத்தில் குழி விழுந்து, அதற்கு நேர் கீழே உள்ள மூட்டைகளில் மட்டும் பாகு இறங்கியிருந்தால் ஓடு உடைந்திருக்கிறது. சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் சுவர் ஓதம். கடல்சார் வழக்குகளில் சர்வேயர் என்று ஒருவர் வந்து பெரிய ஃபீஸ் வாங்கிக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதையேதான். கன்டெய்னர் கூரையில் ஊசி முனை ஓட்டை இருந்தால் அதற்கு நேர் கீழே ஒரு தூண் மாதிரி மூட்டைகள் நனைந்திருக்கும். பயணத்தில் உள்ளே வியர்த்துச் சொட்டினால் மேல் அடுக்கிலும் பக்கச் சுவரை ஒட்டியும் வரிசையாகத் தடம் இருக்கும். பிரிக்கும்போது மழை பெய்திருந்தால் அடுக்குக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இருக்காது, எந்த மூட்டை வெளியே காத்திருந்ததோ அது நனைந்திருக்கும். லாரி ஒழுகினால் ஈரம் லாரியின் அடுக்குப்படி இருக்கும், கன்டெய்னர் அடுக்குப்படி இருக்காது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பாதி கல், பாதி கூழ். ஒரே மழையில் ஒரே நாளில் நனைந்த சரக்கு ஏன் இரண்டு விதமாக இருக்கவேண்டும்? வாட்டில் பவுடர் ஈரம் இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகிக் கல்லாகும், இன்று காலை தண்ணீர் பட்டது என்றால் பாகு மாதிரி ஒட்டும். ஆகவே இரண்டு தடவை தண்ணீர் பட்டிருக்கலாம், கல்லானது கடலிலும் கூழானது கரையிலும் என்று. அப்படியானால் உங்களுக்கு எதிராளி இருவர். அன்றைக்கு எடுத்த ஃபோட்டோ ஏதாவது செல்போனில் இருந்தால் அழிக்காதீர்கள், அதில் தேதியும் மணியும் இருக்கும். மூட்டை இன்னும் மிச்சம் இருந்தால் இரண்டு ரகத்திலும் சிலவற்றை அப்படியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது காகிதம். "திறக்கும்போதே ஈரம்" என்று சி.எஃப்.எஸ். சொல்கிறது அல்லவா, நல்லது, அப்படியானால் கன்டெய்னரைப் பிரித்த அன்று சரக்கை எண்ணிப் போட்ட டேலி ஷீட்டில் அதை எழுதியிருக்கவேண்டும். கப்பல் தரப்பைக் கைகாட்டக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் எழுதாமல் விடமாட்டார்கள். எழுதவில்லை என்றால் அந்தப் பேச்சு பின்னால் யோசித்தது. அந்த ஷீட்டின் நகலையும், கன்டெய்னர் கை மாறும்போது போடும் ஈ.ஐ.ஆர். சீட்டையும், உள்ளே வெளியே போன கேட் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டு இடத்திலும் வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறது, அந்த நாளின் மழை அளவை வானிலைத் துறையிடம் கேட்டு வாங்கலாம். பிரித்த மணியில் மழை கொட்டியது என்று காட்டினால் சி.எஃப்.எஸ். வாய் அடங்கும்.

இப்போது சட்டம். கடல் வழிச் சரக்குக்கு உலகம் முழுக்கப் பழகிய விதிகள் 1924இல் பிரஸ்ஸல்ஸில் வந்த ஹேக் விதிகள். 1968இல் திருத்தி ஹேக்-விஸ்பி ஆனது. நம் நாட்டில் 1925ஆம் வருடச் சட்டம் நூறு வருடம் ஓடியது, 2025இல்தான் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சரக்கை ஒழுங்காக ஏற்றி, அடுக்கி, பார்த்துக்கொண்டு, ஒழுங்காக இறக்கித் தரவேண்டியது கப்பல்காரர் கடமை என்று இந்த விதிகள் சொல்கின்றன. இறக்குவதும் அதில் சேர்த்தி. ஆனால் இறக்கி முடிந்ததோடு இந்த விதிகளின் பிடி விட்டுவிடும். துறைமுகத்துக்கு வெளியே பத்து மைல் தள்ளி சி.எஃப்.எஸ். கொட்டகையில் நடந்ததற்கு, பில் ஆஃப் லேடிங் (சுருக்கமாக பி.எல்., கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) அதுவரை பொறுப்பை நீட்டியிருந்தால் ஒழிய, கப்பல்காரர் பதில் சொல்லமாட்டார். அங்கே பிடிக்கவேண்டியது சி.எஃப்.எஸ்.ஸை. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு ஜாக்கிரதை காட்டுவாரோ, அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவரும் அவ்வளவு காட்டவேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு சொல்கிறது.

வெறும் கையெழுத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஆனால் பையனை ஒரு வார்த்தை திட்டலாம். வெளியே தெரிகிற சேதம் என்றால் எடுக்கும்போதே எழுதித் தரவேண்டும், தெரியாத சேதம் என்றால் மூன்று நாளுக்குள். எழுதவில்லை என்றால் வழக்கு போய்விடாது. சரக்கு நன்றாகத்தான் கைமாறியது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டிய பாரம் உங்கள் தலையில் ஏறும், அவ்வளவே.

காலக்கெடுவுக்கு வருவோம். கப்பல்காரர்மேல் என்றால் சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருடம், உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. பேச்சுவார்த்தை ஓடுகிறதே என்று சும்மா இருந்தால் கெடு நிற்காது, அவர்கள் எழுத்தில் நீட்டித்துத் தரவேண்டும். நான் ஜூனியராக இருந்தபோது ஒருவர் பெரிய ஃபைலோடு வந்தார், சமரசம் பேசப் பேசக் கப்பல் தரப்பு அவ்வளவு மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தது, "உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்" என்று மாதாமாதம். அவர் எங்களிடம் வந்தது பதிமூன்றாவது மாதம். சீனியர் ஃபைலை மூடி, காபி சொல்லி, அனுப்பிவைத்தார்.

லாரிக்காரரை மட்டும் மறந்துவிடுங்கள். 2007ஆம் வருட சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும். ஏழு மாதம் ஆகிவிட்டது, அவர் தப்பித்தார்.

என் யோசனை இதுதான். ஐந்து லட்சத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது கட்டாது. சி.எஃப்.எஸ்.மேல் ஆதாரம் வலுவாக இருந்தால், மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றத்தில் போடலாம். அவசர உத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால் அதற்கு முன்னால் சமரச மையத்துக்குப் போயே ஆகவேண்டும், உச்ச நீதிமன்றம் 2022இல் அதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. இந்த அளவு தொகை பெரும்பாலும் அங்கேயே முடியும் என்பது என் நம்பிக்கை. ஒரு விஷயம், பி.எல்.லில் "800 மூட்டை அடங்கிய ஒரு கன்டெய்னர்" என்று இருக்கிறதா, "ஒரு கன்டெய்னர்" என்று மட்டும் இருக்கிறதா, பாருங்கள். விஸ்பி விதிப்படி நஷ்ட ஈட்டு உச்சவரம்பு ஒரு பொட்டலத்துக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம். மூட்டை எண்ணிக்கை எழுதியிருந்தால் ஒவ்வொரு மூட்டையும் ஒரு பொட்டலம், எழுதாவிட்டால் கன்டெய்னரே ஒரு பொட்டலம். அடுத்த தடவை ஆர்டர் போடும்போது எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வக்கீல் சாருக்கு ஸலாம். வெளிநாட்டிலிருந்து வெட் ப்ளூ (க்ரோம் போட்டுப் பதனிட்ட ஈரத் தோல்) இறக்குமதி செய்தோம். சில பேலட் மேலெல்லாம் தண்ணீர்க் கறை, பூஞ்சை. சர்வேயர் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டார், வெள்ளையாகத் திரிந்தது. "கடல் தண்ணீர்தான், கப்பல்மேல் தப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேஸ் ஜெயிக்குமா? (வாணியம்பாடி)

பதில்: பாய், அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

சில்வர் நைட்ரேட் உப்பைக் காட்டும், கடலைக் காட்டாது. அரிசி மூட்டை, காகிதச் சுருள் மாதிரி உப்பே இல்லாத சரக்கு நனைந்திருந்தால் அந்தச் சோதனை நல்ல சோதனை. வெள்ளையாகத் திரிந்தால் கடல், திரியாவிட்டால் மழை அல்லது குழாய்த் தண்ணீர். ஆனால் வெட் ப்ளூ எப்படித் தயாராகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா? க்ரோம் போடுவதற்கு முன்னால் உப்பும் ஆசிடும் போட்டு பிக்கிள் செய்கிறீர்களே, அந்த உப்பு தோலிலேயே இருக்கிறது. கப்பல் பக்கமே போகாத வெட் ப்ளூவை உங்கள் ட்ரம்மிலிருந்து எடுத்துச் சொட்டு விட்டாலும் வெள்ளையாகத்தான் திரியும். உப்புக்கண்டம் போட்ட பச்சைத் தோலுக்கோ கேட்கவே வேண்டாம். தோல் ஊருக்கு வந்த சர்வேயர் இதை யோசிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

செய்யவேண்டியது, சொட்டைத் தோலின்மேல் விடாமல், தோல் படாத இடத்தில் விடுவது. பேலட்டின் அடிக் கட்டை, வெளியே சுற்றிய பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கம், கன்டெய்னர் தரைப் பலகை, கதவு ரப்பர். அங்கே உப்பு இருந்தால் அர்த்தம் இருக்கிறது. கூடவே அதே லாட்டில் நனையாத பேலட் ஒன்றையும் சோதித்து ஒப்பிடவேண்டும். கன்டெய்னர் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள், கூரையில் ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். செலவில்லாத சோதனை.

பூஞ்சையைப் பற்றியும் எச்சரிக்கிறேன். வெட் ப்ளூ பேரிலேயே ஈரம் இருக்கிறது, அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். "பூஞ்சை பிடிப்பது சரக்கின் இயல்பு, மருந்து சரியாகப் போடாதது அனுப்பியவர் தப்பு" என்று கப்பல் தரப்பு சொல்லும். சரக்கின் உள்ளார்ந்த குறைக்குக் கப்பல்காரர் பொறுப்பில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. கறை படிந்த பேலட்டில் மட்டும் பூஞ்சையா, எல்லாவற்றிலுமா? கறை உள்ளதில் மட்டும் என்றால் உங்கள் பக்கம் தெம்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் என்றால் அனுப்பிய ஆளோடு பேசுங்கள்.

கேள்வி: சார், நான் வேலூரில் சட்டம் படிக்கிறேன். கப்பலையே பிரதிவாதியாகப் போடுவார்கள், கைது செய்வார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கைது செய்வது எப்படி? வேலூர் கோர்ட்டில் செய்ய முடியுமா? (காட்பாடி)

பதில்: முடியும் அம்மா, ஆனால் வேலூரில் முடியாது. இங்கிருந்து 140 கிலோமீட்டர் போய் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் கேட்கவேண்டும்.

கப்பல் முதலாளி பனாமாவில் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனியாக இருப்பார், அவருக்குச் சம்மன் அனுப்பி என்ன பிரயோஜனம்? கப்பல் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, நாளைக் காலை அதுவும் கிளம்பிவிடும். அதனால் கப்பலையே பிடித்து நிறுத்தும் வழக்கம். கைது உத்தரவை எடுத்துக்கொண்டு கோர்ட் ஆள் கப்பலில் ஏறி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார், துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் தகவல் போகும், அதன்பின் நங்கூரம் எடுக்க முடியாது. ஒரு நாள் நின்றாலே கப்பலுக்கு எவ்வளவு செலவு என்பதால் முதலாளி பக்கம் பிணை ஓடி வரும், பிணை வந்ததும் கப்பல் போய்விடும், வழக்கு அந்தப் பிணையின்மேல் நடக்கும்.

படிக்கவேண்டிய தீர்ப்பு எம்.வி. எலிசபெத், 1992, உச்ச நீதிமன்றம். மர்மகோவாவில் சரக்கு ஏற்றிய கப்பல் பில் ஆஃப் லேடிங் கொடுக்காமலே கிளம்பிப் போய்ச் சரக்கையும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒப்படைத்துவிட்டது. பின்னால் அது விசாகப்பட்டினம் வந்தபோது பிடித்தார்கள். 1840, 1861, 1890 என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களை விரித்துவைத்து "ஏற்றுமதிச் சரக்குக்கு இந்தியக் கோர்ட்டுக்கு இந்த அதிகாரமே இல்லை" என்று கப்பல் தரப்பு வாதாடியது. சுதந்திர நாட்டு உயர் நீதிமன்றம் 1861இல் உறைந்துபோய் நிற்கவேண்டியதில்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. பிறகு 2017இல் அட்மிரால்டி சட்டம், அதாவது கடல் வழக்குச் சட்டம், வந்து 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பம்பாய், கல்கத்தா, சென்னை தவிர குஜராத், கர்நாடகம், கேரளம், ஒடிசா, ஆந்திர-தெலங்கானா உயர் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரம் உண்டு. சரக்குச் சேதம் அதன் 4ஆவது பிரிவில் வருகிறது, கைது 5ஆவது பிரிவில். ஒன்றை மட்டும் தேர்வுக்கு அப்பாலும் நினைவில் வைத்துக்கொள்: தப்பாகக் கைது செய்தால் கப்பலுக்கு ஏற்படும் நஷ்டத்தை நீ கட்டவேண்டி வரலாம், 11ஆவது பிரிவைப் படி.

கேள்வி: ஐயா, நான் எண்பதுகளில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் குமாஸ்தாவாக இருந்தவன். மழை தூறும்போது ஹேட்ச் (கப்பல் சரக்கு அறையின் வாய்) மூடினால் வேலை நின்றுவிடும் என்று, "மழை எங்கள் பொறுப்பு, இறக்குங்கள்" என்று எழுதிக் கேப்டன் கையெழுத்து வாங்குவார். நானே அப்படி எத்தனையோ கடிதம் டைப் அடித்திருக்கிறேன். அந்தக் காகிதத்துக்கு உண்மையில் மதிப்பு இருந்ததா? (வாலாஜாபேட்டை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் ஐயா. ஈரக் கார்பன் தாள் வாசனையே வந்துவிட்டது.

ரெயின் லெட்டர் என்று அதற்குப் பேர், இன்றும் உண்டு. மதிப்பு யார் கையெழுத்துப் போட்டார் என்பதில் இருக்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரரே போட்டிருந்தால் பின்னால் அவர் "மழையில் ஏன் இறக்கினாய்" என்று கேட்க வாய் இருக்காது. கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ, ஸ்டீவடோர் (சரக்கை ஏற்றி இறக்குபவர்) மேஸ்திரியோ போட்டிருந்தால் சொந்தக்காரரை அது கட்டுப்படுத்தாது, கேப்டன் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவரிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். குமாஸ்தா டைப் அடித்ததற்கு யாரும் வரமாட்டார்கள், நிம்மதியாக இருங்கள்.

ஹேட்ச் திறந்திருந்து மழை விழுந்த கதைகளில் தாய்க்கதை ஒன்று உண்டு. கனேடியன் ஹைலேண்டர் என்ற கப்பல் ஸ்வான்சியில் தகரத் தகடு ஏற்றிக்கொண்டு வான்கூவருக்குக் கிளம்பியது. வழியில் லிவர்பூலில் இடிபட்டு ரிப்பேருக்கு நின்றது. ரிப்பேர் ஆட்கள் ஹேட்ச் வழியாக ஏறி இறங்க வசதியாக மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள், தார்ப்பாயைச் சரியாக இழுத்து மூடவில்லை, மழை உள்ளே விழுந்து தகடு துருப்பிடித்தது. கப்பலை நிர்வகிப்பதில் ஆட்கள் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்று ஹேக் விதியில் ஒரு விலக்கு உண்டு, அதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார்கள். அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1928இல் சொன்னது: அந்தத் தார்ப்பாய் கப்பலுக்காகப் போட்டதல்ல, சரக்குக்காகப் போட்டது, ஆகவே சரக்கைப் பார்த்துக்கொள்ளாத குற்றம், பணத்தைக் கட்டு. தார்ப்பாய் விவகாரம் நூறு வருடமாக மாறவில்லை பாருங்கள், ராணிப்பேட்டைக்காரர் கேள்வியிலும் அதே தார்ப்பாய்.

கேள்வி: ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஜெர்மனியில் இறக்கும்போது அட்டைப்பெட்டி ஈரம், ஷூவில் பூஞ்சை. கன்டெய்னரில் ஓட்டை இல்லை. "உங்கள் ஊர் ஈரப்பதம் உள்ளேயே வியர்த்தது, எங்கள் தப்பு இல்லை" என்கிறார்கள். முதலாளி விட்டுவிடலாம் என்கிறார். (ஆம்பூர்)

பதில்: உடனே விடவேண்டாம். இதே மாதிரி காபிக் கொட்டை வழக்கு ஒன்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2018 டிசம்பரில் முடிந்தது. கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்கு மூட்டை மூட்டையாகக் காபி, 20 கன்டெய்னர். சூடான ஊரிலிருந்து குளிர் ஊருக்குப் போகும்போது காபியிலிருந்து வெளிவந்த ஈரம் கூரையில் பட்டுக் குளிர்ந்து சொட்டியது. உள்ளே கிராஃப்ட் பேப்பர் ஒட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். "காபியின் இயல்பு அது" என்று கப்பல் தரப்பு சொல்ல, இயல்பு என்று தெரிந்துதானே ஏற்றினாய், போதுமான கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கவேண்டியது நீதான் என்று கோர்ட் திருப்பிவிட்டது. எவ்வளவு தடிமன் பேப்பர் என்பதற்குக்கூட அவர்களால் ஆதாரம் காட்ட முடியவில்லை.

ஆனால் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். அங்கே கன்டெய்னரை அடுக்கியது கப்பல் தரப்பின் ஆட்கள். உங்கள் கன்டெய்னரை ஆம்பூர் ஃபேக்டரியிலேயே நீங்கள் அடுக்கி சீல் வைத்து அனுப்பினீர்கள் என்றால், ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிட்டீர்களா, எத்தனை, பெட்டி கட்டிய அன்று ஷூவில் எவ்வளவு ஈரம் என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள். அந்தப் பேக்கிங் ரெஜிஸ்டர் இருக்கிறதா? இருந்தால் முதலாளியிடம் தைரியமாகப் பேசுங்கள். இல்லை என்றால் அவர் சொல்வது சரிதான்.

கேள்வி: இதற்கெல்லாம் வேலூர் நுகர்வோர் கோர்ட்டில் போடலாமே, செலவு கம்மி. (குடியாத்தம்)

பதில்: வியாபாரத்துக்காக எடுத்த சேவைக்கு அங்கே கதவு சாத்தியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிமேல் என்றால் பேச்சு வேறு. நஷ்டத்தை ஈடுகட்டத்தான் பாலிசி, லாபம் பார்க்க இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது, அதனால் வியாபாரியும் போகலாம்.

கேள்வி: எங்கள் பி.எல்.லின் பின்பக்கம் பொடி எழுத்தில் "வழக்கு லண்டனில்தான்" என்று இருக்கிறதாம், ஏஜென்ட் சொல்கிறார். சரக்கு சென்னையில் இறங்கியது, நனைந்தது சென்னையில், நாங்கள் மேல்விஷாரத்தில். இது செல்லுமா? அந்த ஏற்றி இறக்கும் கம்பெனியைத் தனியாகப் பிடிக்க முடியாதா? (மேல்விஷாரம்)

பதில்: செல்லும், பெரும்பாலும். ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வந்த முந்திரிக்கொட்டை குறைந்துபோன வழக்கில், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் எதிர் சண்முகவிலாஸ் என்று 1990இல் தீர்ப்பு. கேரளத்தில் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது, காரணம் அதே பொடி எழுத்து. நம் நாட்டுக் கடல் சரக்குச் சட்டம் இங்கிருந்து வெளியே போகும் சரக்குக்குத்தான், உள்ளே வருவதற்கு இல்லை என்றும் சொன்னார்கள். இறக்குமதிக்காரர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான். கப்பல் சென்னைக்கு வந்து நின்றால் கைது செய்து பிணை வாங்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள், லண்டன் ஷரத்து இருந்தாலும் பிணை கையில் இருந்தால் பேரம் பேச வலு வரும்.

ஏற்றி இறக்கும் கம்பெனி விஷயத்தில் ஒரு கதை. ஹிமாலயா என்று ஒரு பயணிகள் கப்பல். அதில் ஏறும் படி நகர்ந்து ஒரு அம்மா கீழே விழுந்தார், டிக்கெட்டில் கம்பெனிக்குப் பாதுகாப்பு இருந்ததால் கேப்டன்மேல் கேஸ் போட்டார், 1954இல் ஜெயித்தார். கப்பல் கம்பெனிகள் பதறிப்போய், எங்கள் ஆட்களுக்கும் வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும் எங்களுக்குள்ள அதே பாதுகாப்பு உண்டு என்று பி.எல்.லில் எழுத ஆரம்பித்தார்கள். மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் ஹிமாலயா ஷரத்து என்று பேர் நிலைத்துவிட்டது. நியூசிலாந்தில் ஒரு துளையிடும் இயந்திரத்தை இறக்கும்போது சேதப்படுத்திய ஸ்டீவடோர், ஒரு வருடம் தாண்டிப் போட்ட கேஸில் இந்த ஷரத்தைக் காட்டித் தப்பித்தார், அந்த நாட்டுக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சில், 1974. ஆகவே பி.எல்.லைப் புரட்டி அந்த ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டும், சிரிப்புக்குச் சொல்லவில்லை, நான் மேஜையிலேயே ஒன்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: மரைன் பாலிசி எடுத்திருக்கிறோம். "மழைத்தண்ணீர் சேராது" என்று சர்வேயர் கைவிரிக்கிறார். அப்புறம் எதற்குப் பாலிசி? நனைந்த சரக்கு குடோனில் நாறுகிறது, வாடகையும் ஓடுகிறது, விற்றுத் தொலைக்கலாமா? (பேர்ணாம்பட்டு)

பதில்: பாலிசியில் ஏ, பி, சி என்ற மூன்று ஷரத்துத் தொகுப்பில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். பி என்றால் கடல், ஏரி, ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்தது சேரும், வானத்திலிருந்து விழுந்தது சேராது. பாலாறு பொங்கி வந்து நனைத்தால் பணம் உண்டு, மழை நனைத்தால் இல்லை என்றால் நம்ம ஊரில் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க யாரோ பி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏ என்றால் விலக்கில் சொன்னவை தவிர எல்லாம் சேரும், அப்போது சர்வேயர் சொல்வது தப்பு. அவர் கைவிரித்ததை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் கப்பல்காரர்மேல் உள்ள உரிமை அவர்களுக்குப் போகும், 1963ஆம் வருட மரைன் இன்ஷூரன்ஸ் சட்டம் 79ஆவது பிரிவு. அந்த உரிமையை நீங்கள் ஒரு வருடம் தாண்டவிட்டுக் கெடுத்தால் அதைக் காட்டி உங்கள் க்ளெய்மையும் இழுத்தடிப்பார்கள், ஆகவே கப்பல் தரப்புக்கு உங்கள் பேரிலேயே இன்றைக்கே நோட்டீஸ் போடுங்கள்.

விற்கலாம், விற்கவும் வேண்டும். நஷ்டத்தை ஏற்றிக்கொண்டே போக யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் முதலில் கப்பல் ஏஜென்ட், சி.எஃப்.எஸ்., இன்ஷூரன்ஸ் மூன்று பேருக்கும் "இன்ன தேதிக்குள் வந்து பாருங்கள், வராவிட்டால் விற்கிறோம்" என்று ஈமெயில் போடுங்கள். மூன்று இடத்திலிருந்தாவது விலை கேட்டு எழுதி வாங்குங்கள். மாதிரிக்கு நாலு துண்டு சீல் வைத்து எடுத்து வையுங்கள். உங்கள் மைத்துனரே வாங்கினாலும் சரி, பில் போட்டு விற்று, பணத்தை பேங்க் வழியாக வாங்குங்கள்.